முதல் பிரசவம் சிசேரியன், இப்போது வயிற்றில் ட்வின்ஸ்: நார்மல் டெலிவரிக்கு வாய்ப்பு இருக்கிறதா?

முதல் குழந்தை சிசேரியன். மறுபடியும் கர்ப்பமாகி ஸ்கேனுக்குப் போனால், திரையில் இரண்டு இதயத் துடிப்பு! வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் அடுத்த நிமிடமே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஏற்கெனவே ஆபரேஷன், இதுல ரெட்டை வேற. அப்போ கண்டிப்பா ஆபரேஷன்தான்."

உண்மையிலேயே கண்டிப்பாக ஆபரேஷன்தானா?

இல்லை. முந்தைய பிரசவம் ஒரே ஒரு சிசேரியன், அதுவும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட வெட்டு, முதலில் வெளியே வரவேண்டிய குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்கிறது, வேறு சிக்கல் எதுவும் இல்லை என்றால், இரட்டைக் குழந்தைகளுக்கும் சுகப்பிரசவத்தை முயற்சி செய்யலாம் என்றுதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பான ஏகாக் சொல்கிறது. பிரிட்டனின் ஆர்சிஓஜி அமைப்பு கதவை மூடவில்லை. ஆனால் "இரட்டை என்றால் கூடுதல் எச்சரிக்கையோடு முடிவெடுங்கள்" என்கிறது. இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் ஒரு கர்ப்பிணி நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

'ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்பது எங்கிருந்து வந்தது?

இந்தப் பேச்சுக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. 1916-ல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிரேகின் என்ற மருத்துவர் சொன்ன வாசகம் இது. அந்தக் காலத்தில் சிசேரியன் என்றால் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக ஒரு வெட்டு. வலி வரும்போது சுருங்கி விரிகிற சதை அதுதான். அங்கே தையல் இருந்தால் அடுத்த பிரசவத்தில் பிரிந்துவிடும் அபாயம் நிஜமாகவே அதிகம். அதனால் அவர் காலத்தில் அந்தக் கவலையில் நியாயம் இருந்தது.

பிறகு 1920-களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்ரோ கெர் போன்றவர்கள் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார்கள். அந்த இடம் மெல்லியது, வலியின்போது அதிகம் சுருங்காது. தழும்பும் உறுதியாக ஆறும். இன்றைக்கு நடக்கும் பெரும்பாலான சிசேரியன்கள் இந்த வகைதான். வெட்டு மாறிவிட்டது, வாசகம் மட்டும் மாறாமல் நம் வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இடையில் அமெரிக்காவில் ஊசல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. 1996-ல் சிசேரியன் ஆன பெண்களில் 100-க்கு 28 பேர் அடுத்த பிரசவத்தில் நார்மலாகப் பெற்றார்கள். பிறகு தையல் பிரிந்த சம்பவங்கள், வழக்குகள், கடுமையான விதிமுறைகள் என்று வந்ததில், பத்தே வருஷத்தில் அது 10-க்கும் கீழே போய்விட்டது. 2010-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் தனிக் கூட்டம் போட்டு, "பல பெண்களுக்கு இது நியாயமான தேர்வுதான்" என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

தையல் பிரிவது எவ்வளவு அபாயம்?

எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயம் இதுதான். "வலி வரும்போது பழைய தையல் பிரிஞ்சிடுமோ?"

கர்ப்பப்பைத் தழும்பு பிரசவத்தின்போது கிழிவது நடக்கக்கூடிய ஒன்றுதான். வயிற்றில் ஒரே குழந்தை, தானாகவே பிரசவ வலி வருகிறது, கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்ற நிலையில், 200 பேரில் ஒருவருக்கு இது நடக்கலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதலில் உள்ள கணக்கு. அமெரிக்காவில் 2004-ல் வெளியான பெரிய ஆய்வில், நார்மலுக்கு முயன்ற சுமார் 18 ஆயிரம் பெண்களில் 124 பேருக்கு கிழிந்தது. அதாவது 0.7 சதவீதம். நூற்றுக்கு 73 பேர் நார்மலாகப் பெற்றார்கள்.

200-ல் ஒன்று என்பது சின்ன எண்தான். ஆனால் அந்த ஒருவருக்கு நடந்தால் அது பெரிய அவசரநிலை. குழந்தைக்கு ஆக்சிஜன் நின்றுபோகலாம், அம்மாவுக்கு உள்ளேயே ரத்தப்போக்கு ஏற்படலாம், சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். அதனால்தான் "எந்த ஆஸ்பத்திரியில்" என்ற கேள்வி இதில் பாதி விஷயம். அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

ட்வின்ஸ் என்றால் அபாயம் கூடுமா?

இரண்டு குழந்தை, இரண்டு பனிக்குடம் என்று வயிறு அதிகமாக விரிகிறது. அப்போ தழும்பும் கூடுதலாக இழுபடுமே என்று நினைப்பது இயல்பு. டாக்டர்களுக்கும் அதே கவலை இருந்தது. ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகளில், ஒற்றைக் குழந்தையோடு ஒப்பிடும்போது இரட்டையருக்குத் தையல் பிரிவது தெளிவாக அதிகரித்ததாகத் தெரியவில்லை.

உடனே இதை வைத்து நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. ஏனென்றால் அந்த ஆய்வுகளில் பல சிறியவை. அதிலும், யாருக்கு நன்றாக நடக்கும் என்று டாக்டர்கள் நினைத்தார்களோ அவர்களே பெரும்பாலும் நார்மலுக்கு முயன்றிருப்பார்கள். 'முந்தைய சிசேரியன் + இரட்டையர்' என்ற நிலைக்கு மட்டும் தனியாக, சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வு கிடையாது. பிரிட்டன் அமைப்பு தயங்குவதற்கு இந்தத் தரவுக் குறைவும் காரணம்.

வெற்றி வாய்ப்பு எவ்வளவு? 2005-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த நிலையில் நார்மலுக்கு முயன்ற 186 பெண்களில் 120 பேருக்குக் கைகூடியது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த வேறு கணக்குகளில் இது இன்னும் குறைவாகவே வந்திருக்கிறது. ஆக, "பாதிக்குப் பாதி, நிலைமை சாதகமாக இருந்தால் அதற்கு மேல்" என்று மனதில் வைத்துக்கொள்வது யதார்த்தம்.

வெளியில் தெரியும் தழும்பை நம்பாதீர்கள்

பலருக்கும் தெரியாத விஷயம் இது. வயிற்றின் தோலில் தெரியும் தழும்பு வேறு, உள்ளே கர்ப்பப்பையில் இருக்கும் தழும்பு வேறு. வெளியே அடிவயிற்றில் அழகாகக் குறுக்குக் கோடு இருக்கலாம். ஆனால் உள்ளே நெடுக்காகவோ, தலைகீழ் 'T' மாதிரி கிளை விட்டோ வெட்டியிருக்கலாம். குறைமாதத்தில், குழந்தை குறுக்கே கிடந்த நிலையில் அவசரமாக எடுத்த சிசேரியன்களில் இப்படி நடப்பதுண்டு. அந்த வகை வெட்டு என்றால் நார்மலுக்கு முயற்சியே செய்யக் கூடாது.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் எந்த வகை வெட்டு, என்ன காரணத்துக்காக ஆபரேஷன், தையல் போடும்போது ஏதாவது சிக்கல் இருந்ததா என்பதெல்லாம் எழுதியிருக்கும். குழந்தையின் முதல் மொட்டை போட்டோவைப் பத்திரமாக வைத்திருக்கும் நம் வீடுகளில் இந்தப் பேப்பர் மட்டும் எங்கேயோ போய்விடுகிறது. இல்லையென்றால், பிரசவம் நடந்த மருத்துவமனையில் கேட்டு நகல் வாங்குங்கள். ஐந்தாவது மாதத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

முதல் ஆபரேஷனுக்கான காரணமும் முக்கியம். குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை, அதாவது கால் அல்லது பிட்டம் முதலில் வந்தது என்பதற்காகச் செய்திருந்தால், அது இந்த முறையும் அப்படியே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாய்ப்பு கூடுதல். "ராத்திரி முழுக்க வலி, முழுசா திறந்தும் தலை இறங்கல" என்று செய்த ஆபரேஷன் என்றால் வாய்ப்பு சற்றுக் குறையும். சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒருமுறையாவது நார்மலாகப் பெற்றிருந்தால், அதுதான் எல்லாவற்றையும்விட நல்ல அறிகுறி. ஒற்றைக் குழந்தை விஷயத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு 100-க்கு 85 முதல் 90 வரை வெற்றி கிடைக்கிறது. முந்தைய சிசேரியனுக்கும் இந்தப் பிரசவத்துக்கும் இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தால் தழும்பு பற்றிய கவலை அதிகமாகும்.

எல்லா ட்வின்ஸும் ஒன்றல்ல

இரட்டையரில் நச்சுக்கொடியும் பனிக்குடமும் எப்படி இருக்கின்றன என்பதை மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

இருவருக்கும் தனித்தனி நச்சுக்கொடி, தனித்தனி பனிக்குடம் என்றால் அதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வகை. ஏகாக் கணக்குப்படி சிக்கல் இல்லையென்றால் 38-வது வாரத்தில் பிரசவம். ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்டு, பனிக்குடம் மட்டும் தனித்தனி என்றால், ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்விடும் சிக்கல் வரலாம். அதனால் அடிக்கடி ஸ்கேன், சற்று முன்கூட்டியே பிரசவம். இருவரும் ஒரே பனிக்குடத்துக்குள் என்றால், தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கு 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன்தான். அதில் விவாதமே கிடையாது.

பிரசவ அறையில் என்ன நடக்கும்?

முதலில் வரும் குழந்தை எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது. வலி தொடங்கும் நேரத்தில், பத்து ஜோடி ட்வின்ஸில் சுமார் நான்கு ஜோடிக்கு இரண்டு தலையும் கீழே இருக்கும். இன்னொரு நான்கு ஜோடியில் முதல் குழந்தை தலை கீழே, இரண்டாவது வேறு மாதிரி. மீதி இரண்டில் முதல் குழந்தையே தலைகீழாக இல்லை. கடைசி வகைக்கு ஆபரேஷன்தான் வழக்கம்.

முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால் நார்மலுக்குக் காத்திருப்பது பாதுகாப்பா என்ற கேள்விக்கு 2013-ல் ஒரு நல்ல பதில் கிடைத்தது. கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த ஜான் பாரெட் தலைமையில், 25 நாடுகளில் சுமார் 2,800 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு அது. திட்டமிட்ட சிசேரியன் குழுவில் குழந்தை இறப்பு அல்லது கடுமையான பாதிப்பு 2.2 சதவீதம், நார்மலுக்குத் திட்டமிட்ட குழுவில் 1.9 சதவீதம். அதாவது ஆபரேஷன் செய்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. கவனிக்க வேண்டியது: இது பொதுவாக ட்வின்ஸ் பற்றிய ஆய்வு, பழைய தழும்பு உள்ளவர்களுக்காகவே செய்தது இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். நார்மலுக்குத் திட்டமிட்ட குழுவிலேயே 100-க்கு 44 பேருக்குக் கடைசியில் சிசேரியன்தான் ஆனது.

வலி நேரத்தில் இரண்டு குழந்தைகளின் இதயத் துடிப்பையும் தனித்தனியாக, இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். தழும்பு கிழியத் தொடங்கினால் முதலில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் குழந்தையின் துடிப்புதான். அம்மாவுக்கு வலி ஏற்படுவதற்கு முன்பே அதில் மாற்றம் தெரியும். வலிக்கு வலி இடைவெளியிலும் விடாத வயிற்று வலி, பழைய தழும்பில் சுரீர் வலி, திடீர் ரத்தப்போக்கு, நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றுபோவது, இவையும் அடையாளங்கள்.

முதுகில் போடும் எபிடியூரல் ஊசி கிழியும் வலியை மறைத்துவிடாதா என்று கேட்பார்கள். முன்பு அந்தப் பயம் இருந்தது. இப்போது அந்த ஊசி போடலாம் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ட்வின்ஸ் பிரசவத்தில் அதற்கு ஒரு கூடுதல் பயனும் உண்டு: திடீரென ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்துக்காகத் தனியாக நேரம் போகாது.

இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருக்கும் அந்த நிமிடங்கள்

ட்வின்ஸ் பிரசவத்தில் டாக்டர்களுக்கு வியர்ப்பது இங்கேதான்.

முதல் குழந்தை பிறந்து அழுதுவிட்டது. வெளியில் உறவினர்கள் ஸ்வீட் வாங்க ஆள் அனுப்பியிருப்பார்கள். உள்ளே கதை பாதிதான் முடிந்திருக்கிறது. திடீரென வயிற்றில் நிறைய இடம் கிடைத்துவிடுவதால் இரண்டாவது குழந்தை புரண்டு குறுக்கே போய்விடலாம். பனிக்குடம் உடைந்து, குழந்தைக்கு முன்பாகத் தொப்புள்கொடி வெளியே வந்துவிடலாம். நச்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம். அதனால் முதல் குழந்தை வந்த உடனே, ஒருவர் வயிற்றின் மேலிருந்து இரண்டாவது குழந்தையைப் பிடித்து நேராக வைத்திருப்பார். இன்னொருவர் ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்.

பல சமயம் முதல் குழந்தை வந்ததும் வலி குறைந்துவிடும். அப்போது வலியைக் கூட்ட ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் கொடுப்பது வழக்கம். பழைய தழும்பு இருக்கும் பெண்ணுக்கு அதே டிரிப்ஸ் ஒரு தர்மசங்கடம். ஏனென்றால் மருந்து கொடுத்து வலி வரவைத்தாலோ கூட்டினாலோ தையல் பிரியும் அபாயம் இரண்டு, மூன்று மடங்கு ஆகும். கொடுக்கவே கூடாது என்றில்லை. அளந்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஆனால் கர்ப்பப்பை வாயைத் திறக்க வைக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரை, தழும்பு உள்ளவர்களுக்குக் கூடாது என்பதில் ஏகாக் கறாராக இருக்கிறது.

இரண்டாவது குழந்தை குறுக்கே கிடந்தால், அனுபவமுள்ள மருத்துவர் உள்ளே கைவிட்டு அதன் கால்களைப் பிடித்து மெதுவாக எடுப்பார். இது ஒரு கைத்திறன். சிசேரியன்கள் பெருகியதில் இதைச் செய்து பழகிய டாக்டர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் டாக்டர் "எனக்கு இதில் பழக்கம் இல்லை, ஆபரேஷன்தான் செய்வேன்" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அது நேர்மையான பதில். தெரியாமல் முயற்சி செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு குழந்தை நார்மல், மற்றது சிசேரியன் என்றும் ஆகலாம். பாரெட் ஆய்வில் நார்மலுக்குத் திட்டமிட்டவர்களில் 100-க்கு சுமார் 4 பேருக்கு இப்படி நடந்தது. இரண்டு வலியையும் ஒரே நாளில் அனுபவிக்கும் நிலை அது. முடிவெடுப்பதற்கு முன்பே இதையும் பேசிவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்த பிறகும் ரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டும். அதிகம் விரிந்த கர்ப்பப்பை சுருங்கத் தாமதமாகும் என்பதால், ட்வின்ஸ் பிரசவத்தில் இந்த அபாயம் கூடுதல். ரத்தம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

அப்போ பேசாமல் ஆபரேஷனே செய்துவிடலாமே?

செய்யலாம். அதுவும் சரியான தேர்வுதான். தேதி தெரியும், தையல் பிரியும் பயம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இரண்டாவது சிசேரியனும் ஒரு பெரிய ஆபரேஷன். முதல் ஆபரேஷனில் உள்ளே ஒட்டியிருக்கும் சதைகளைப் பிரித்துத்தான் போக வேண்டும். ஆறுவதற்கும் நாளாகும். வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை, கையில் இன்னும் இரண்டு என்னும்போது, எழுந்து நடக்க எத்தனை நாள் ஆகும் என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. சிசேரியன் எண்ணிக்கை கூடக்கூட, நச்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கும் பெண்களிடம், முதல் சிசேரியனின்போது 3 சதவீதமாக இருந்த இந்த ஆபத்து, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 என்று ஏறுவதை 2006-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

"இதோட போதும், குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துப் பண்ணிடலாம், அதுக்காக ஆபரேஷன்" என்ற பேச்சு நம் ஊரில் சகஜம். அதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. நார்மல் டெலிவரி ஆன ஒரு வாரத்துக்குள் சின்னக் கீறலிலேயே அதைச் செய்துவிடலாம். நல்ல நேரம் பார்த்துத் தேதி குறிப்பதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை!

தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 34.1. இந்திய சராசரி 21.5. அதாவது, தழும்போடு இரண்டாவது முறை கர்ப்பமாகும் பெண்கள் நம் மாநிலத்தில் மிக அதிகம். அவர்களில் சிலருக்கு ட்வின்ஸ் வரத்தான் செய்யும்.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

"நார்மல் ஆகுமா?" என்று மட்டும் கேட்டால் "பார்க்கலாம்மா" என்ற பதில்தான் கிடைக்கும். கொஞ்சம் குறிப்பாகக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவசர ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, போன் போட்டு வர வேண்டுமா? ரத்த வங்கி இங்கேயே இருக்கிறதா? இரண்டு குழந்தைக்கும் என்ஐசியூ-வில் இடம் உண்டா? இரண்டாவது குழந்தை திரும்பிவிட்டால் எடுத்துப் பழகியவர் பிரசவ நேரத்தில் இருப்பாரா? இந்த நான்கில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும், அந்த இடத்தில் இந்த முயற்சி வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் 24 மணி நேர சீமாங் மையங்களிலும் அவசர சிசேரியனுக்கும் ரத்தத்துக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து நர்சிங் ஹோமில் இது இருக்கிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தாலும், நார்மலுக்குக் காத்திருந்தாலும், ட்வின்ஸ் அந்தத் தேதி வரை காத்திருப்பதில்லை. பாதிக்கும் மேற்பட்ட இரட்டையர்கள் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். எனவே ஏழாம் மாதத்திலிருந்தே பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், பிக்மி எண் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விட்டு விட்டு வலி வந்தாலோ "விடியட்டும் பார்க்கலாம்" என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதும் "முதல் பிரசவம் சிசேரியன், இப்போ ட்வின்ஸ்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.